தாழைக்குளத்தை ஒரு சுற்று

தாழைக்குளத்தில் ஓர் எருமைக் கூட்டம் இருந்தது. வெயில் ஏறியதும் குளத்தில் இறங்கும். வெயில் தாழ்ந்ததும் கரையேறி மேயப் போகும். நடுப்பகலில் போய்ப் பார்த்தால் தண்ணீருக்கு மேலே கொம்பும் மூக்கும்தான் தெரியும். மற்றதெல்லாம் சேற்றுக்குள் சுகமாகக் கிடக்கும்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம். எங்கே போனாலும் வரிசையாகத்தான் போக வேண்டும். முன்னால் பெரியகொம்பி போவாள். அவள் குளம்பு பதித்த இடத்தில்தான் அடுத்தவள் குளம்பு பதிக்க வேண்டும். அதற்கடுத்தவளும் அதே இடத்தில்தான். முந்தக் கூடாது, பிந்தக் கூடாது, விலகவே கூடாது.

வரிசையின் நடுவில் மருதாயி என்று ஒருத்தி. அவள் பிள்ளைகள் எல்லாம் தலையெடுத்துவிட்டார்கள். மகள்கள் தங்கள் கன்றுகளோடு மேய்ந்தார்கள். கடைக்குட்டியின் பெயர் சுட்டியன். நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு பிறந்தவன். அவனுக்கே இப்போது கொம்பு வளைந்துவிட்டது. மடியை முட்டிக்கொண்டு யாரும் மருதாயி பின்னால் வருவதில்லை. காலையில் எழுவாள். சூரியன் வரும் பக்கம் பார்த்துத் தலை தாழ்த்தி ஒரு கும்பிடு போடுவாள். வரிசையில் சேர்ந்துகொள்வாள். குறை சொல்ல ஒன்றும் இல்லாத பிழைப்பு.

ஒரு கோடைக் காலையில் எதிர்பாராமல் மழை கொட்டிவிட்டுப் போனது. புழுதி அடங்கி மண் குளிர்ந்து கிடந்தது. மற்றவர்கள் இன்னும் எழவில்லை. மருதாயி கரைமேல் தனியாக நின்றாள். என்ன நினைத்தாளோ, கால்கள் கிளம்பிவிட்டன. விளாமரத்தடியிலிருந்து தாழம்புதர் வரைக்கும் ஓடிவிட்டாள்.

தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் காற்று காதுமடலைப் பின்னால் தள்ளியது. வால் தானாகத் தூக்கிக்கொண்டது. மூச்சு புஸ்ஸென்று மூக்கு வழியாகப் போனபோது மருதாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்றாக இருந்தபோது வந்த சிரிப்பு அது. நடுவில் எங்கே போயிருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அங்கேயே முடிவு கட்டிவிட்டாள். குளத்தை ஒரு முழுச் சுற்று ஓட வேண்டும். விளாமரத்தில் தொடங்கி விளாமரத்தில் முடிக்க வேண்டும். எவ்வளவு மெதுவாக ஓடினாலும் சரி, நடுவில் நிற்கக் கூடாது. தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

கடைசியில் சொன்னதுதான் கஷ்டம். மான் குளத்தைச் சுற்றி ஓடினால் அதற்குக் குளம் வெறும் குளம்தான். எருமைக்கு அப்படியா? சோறு பொங்கும் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பசியோடு ஓடுகிற மாதிரி.

இதை அவள் முதலில் சொன்னது செங்கண்ணியிடம்.

செங்கண்ணி ஓர் ஆள்காட்டிக் குருவி. கண்ணோரம் சிவப்பு, காலெல்லாம் மஞ்சள். குளத்தின் அக்கரையில் சரளைமேடு என்று ஒரு கல்மேடு இருந்தது. புல் முளைக்காத இடம். அங்கேதான் அவள் வெறும் கல்லோடு கல்லாக முட்டையிடுவாள். போன கோடையில் ஒருநாள் எருமை வரிசை அந்த வழியாக வந்துவிட்டது. பெரியகொம்பியின் குளம்பு முட்டைக்கு ஒரு பக்கம் பதிந்தது. மற்றவர்களின் குளம்பு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நகர்ந்து முட்டையை நெருங்கியது. செங்கண்ணி சிறகை விரித்து முன்னால் விழுந்து கதறினாள். யார் பார்க்கிறார்கள்? முன்னால் போகிறவளின் வாலைத்தானே எல்லோரும் பார்ப்பார்கள். மருதாயிதான் குனிந்து பார்த்தாள். வரிசையை விட்டு ஓர் அடி தள்ளிக் கால் வைத்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே தள்ளி வைத்துப் போனார்கள். அன்றைக்குப் பிடித்த சிநேகம் அது.

"குளத்தை ஒரு சுற்று ஓடணும்னு ஆசையா இருக்குடி. எதுக்குன்னு மட்டும் கேக்காதே. எனக்கே தெரியாது" என்றாள் மருதாயி.

செங்கண்ணி எதுக்கு என்று கேட்கவில்லை. "எப்போ ஆரம்பிக்கிறே?" என்று கேட்டாள்.

கூட்டத்தில் சொன்னபோது கதை வேறு. பெரியகொம்பி அசை போடுவதை நிறுத்திவிட்டு மருதாயியை மேலும் கீழும் பார்த்தாள். ஓடுவது மானுக்கு, பறப்பது கொக்குக்கு, கிடப்பது நமக்கு, அவரவருக்கு விதித்ததை அவரவர் செய்தால் போதும் என்றாள். மகள்களுக்குத் தாயின் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயம். ஒருத்தி அவள் காதை முகர்ந்து பார்த்தாள். இன்னொருத்தி நல்ல கோரைப் புல்லாகத் தேடிக் கொண்டுவந்து வைத்தாள்.

சுட்டியன் அவளைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னான்: "அம்மா, உனக்கு என்ன குறை? புல்லு இருக்கு, தண்ணி இருக்கு. பேசாம படுத்துக் கிடக்க வேண்டியதுதானே. மான் கூட்டத்துக்கு முன்னால எனக்குத் தலை நிமிர முடியல."

"தலை நிமிராட்டி என்ன, குனிஞ்சு மேயி" என்றாள் மருதாயி. "நல்லா வயிறு நிறையும்."

நரியும் விசாரிக்க வந்தது. குளத்தங்கரையில் யார் வீட்டு விஷயமானாலும் நரிக்கு அக்கறை அதிகம்.

"தாயி, கேள்விப்பட்டேன்" என்றது பணிவாக. "வேண்டாம் தாயி. எமதர்மராசா உங்க ஆளுங்க மேல ஏறி வர்றதாலதான் கொஞ்சம் தாமதமா வந்து சேர்றாரு. நாங்களும் நாலு நாள் கூடப் பிழைச்சுக் கிடக்கிறோம். நீங்களே ஓட ஆரம்பிச்சா எங்க கதி என்ன ஆகிறது?"

குளமே சிரித்தது. நாரை கூட ஒற்றைக் காலில் நின்றபடி சிரித்தது. பெரியகொம்பியின் மூக்கிலிருந்து குமிழி குமிழியாக வந்தது.

மருதாயிக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் தலையைத் தாழ்த்தவில்லை. "என் முதுகைப் பாரு நரி. எமனும் இல்ல, எவனும் இல்ல. வெறும் முதுகோட ஓடப்போறேன். உனக்குப் பயமா இருந்தா வழியை விட்டு ஒதுங்கி நில்லு" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். தாழம்புதர் வரைக்கும் நன்றாகத்தான் ஓடினாள். அதற்குப் பிறகு என்ன நடந்ததென்று அவளுக்கே தெரியாது. கண் விழித்த மாதிரி பார்த்தால் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். கால்கள் தங்கள் பாட்டுக்கு இறங்கிவிட்டிருந்தன. அடுத்த நாளும் அதே கதைதான். அதற்கடுத்த நாளும். "மருதாயி அக்கா ஓடிப் போய்க் குளிக்கிறா. நாங்க நடந்து போய்க் குளிக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்" என்று இளம் எருமைகள் கேலி பேசின.

செங்கண்ணிக்குப் பொறுக்கவில்லை. தோழியின் கால் தண்ணீர்ப் பக்கம் திரும்பும் நேரத்தில் ஒரு குரல் கொடுத்தால் நினைவு வந்துவிடாதா? அடுத்த நாள் மருதாயி தாழம்புதரைத் தாண்டியதும் செங்கண்ணி மேலே எழும்பி, தொண்டை கிழிய ஒரு கூவல் கூவினாள்.

அவள் சொன்னது "ஓடு மருதாயி, விடாதே" என்பதுதான். ஆனால் ஆள்காட்டியின் கூவல் காட்டில் எல்லோருக்கும் ஒரே பொருள்தான் தரும். புலி வருகிறது, ஓடு! மான்கள் தாவின. முயல்கள் வளைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. நாரை ஊன்றிய காலை மறந்து தண்ணீரில் சரிந்தது. எருமைக் கூட்டம் முழுதும் குளத்தைக் கலக்கிக்கொண்டு கரையேறி, வரிசையாவது ஒன்றாவது என்று புதருக்குள் பாய்ந்தது. பெரியகொம்பிதான் எல்லோருக்கும் முன்னால்.

புலி வரவில்லை என்று தெரிய அரை நாள் ஆனது. சாயங்காலம் விளாமரத்தடியில் பஞ்சாயத்து கூடியது. மேலெல்லாம் முள் குத்தி எல்லோரும் கோபமாக இருந்தார்கள். செங்கண்ணி ஒரு கல்லின் மேல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

தீர்ப்பை எடுத்துக் கொடுத்தது நரிதான். இனி இந்தக் குருவி கூவக் கூடாது, மீறிக் கூவினால் எருமை வரிசை தினமும் சரளைமேட்டின் மேலேயே போய் வர வேண்டும், அப்போதுதான் புத்தி வரும் என்றது. பெரியகொம்பிக்கு அது சரியாகப் பட்டது. நரிக்கு ஏன் இந்த அக்கறை? சரளைமேட்டு முட்டைகள் மேல் அதற்கு நெடுநாளாகக் கண். பக்கத்தில் போகும்போதெல்லாம் இந்தக் குருவி ஊரைக் கூட்டிவிடுகிறாளே என்று அதற்கு எரிச்சல். அவள் வாயை எருமைகளை வைத்தே அடைத்துவிட்டது.

அந்தக் கோடையிலும் செங்கண்ணி முட்டையிட்டிருந்தாள். அவள் என்ன செய்வாள்? சரி என்று தலையாட்டினாள்.

அன்றைக்கு மருதாயி சோர்ந்துவிட்டாள். "விடுடி. என் ஆசைக்கு உன் முட்டையைப் பணயம் வைக்க முடியாது. நான் படுத்தே கிடக்கிறேன்" என்றாள்.

"கூவத்தானே கூடாதுன்னாங்க" என்றாள் செங்கண்ணி. "ஓடக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே. எனக்கும் ரெண்டு கால் இருக்கு பாரு."

மறுநாள் காலையிலிருந்து அவளும் கூட ஓடினாள். ஆள்காட்டி ஓடுகிற அழகைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குச்சிக் கால்களை வைத்துக் குடுகுடுவென்று கொஞ்ச தூரம் ஓடும். சட்டென்று நிற்கும். திரும்பிப் பார்க்கும். மறுபடி குடுகுடுவென்று ஓடும். செங்கண்ணி எப்போதும் மருதாயிக்கும் தண்ணீருக்கும் நடுவிலேயே ஓடினாள். மருதாயியின் கால் தண்ணீர்ப் பக்கம் திரும்பினால் கீழே தோழி இருப்பாள். மிதித்துவிடுவோமே என்று கால் தானாக விலகிக்கொள்ளும். "அந்தக் கல்லு வரைக்கும் வா" என்பாள் மெல்லிய குரலில். அங்கே போனதும், "இந்தச் செடி வரைக்கும்" என்பாள். இப்படியே தாழம்புதரைத் தாண்டினார்கள். விழுந்து கிடந்த நாவல் மரத்தையும் தாண்டினார்கள்.

சரளைமேட்டின் அடிவாரத்தில்தான் மறுபடி முட்டுக்கட்டை. நிழலில்லாத இடம். எருமைத் தோலோ கறுப்பு. வெயிலை வா என்று கூப்பிட்டு உள்ளே வைத்துக்கொள்ளும். அங்கே வந்ததும் உடம்பு கொதிக்கும். கண் இருட்டும். மருதாயி நின்றுவிடுவாள். எத்தனையோ காலைகள் இப்படியே போயின. மேற்கே மேகம் கூடத் தொடங்கியது. பெருமழை வந்தால் குளம் நிரம்பிக் கரையில் பாதி முழுகிவிடும். பிறகு அடுத்த கோடைதான். அடுத்த கோடையில் இந்த முட்டி இப்படியே மடங்குமா என்று மருதாயிக்குக் கவலை.

வழியைக் கண்டுபிடித்தது செங்கண்ணி. அவள் வெயில் நேரத்தில் வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்துதான் முட்டை மேல் உட்காருவாள். அந்த ஈரத்தில் முட்டை குளிர்ந்திருக்கும்.

"தண்ணியில கால் வைக்கக் கூடாதுன்னுதானே உன் சபதம். தண்ணியைக் கூட எடுத்துட்டுப் போனா என்ன?" என்று கேட்டாள்.

மருதாயி விளாமரத்தடியில் இருந்த சேற்றுக்குழியில் போய் விழுந்து புரண்டாள். இந்தப் பக்கம் புரண்டாள், அந்தப் பக்கம் புரண்டாள். எழுந்தபோது கொம்பு நுனியிலிருந்து வால் மயிர் வரைக்கும் கெட்டிச் சேறு. அதோடு ஓடிப் பார்த்தாள். சரளைமேட்டில் பாதி ஏறும் வரைக்கும் உடம்பு குளுகுளுவென்று இருந்தது.

"ஆகும்டி" என்றாள் மருதாயி.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மழை இன்றோ நாளையோ என்று வானம் மூட்டம் போட்டு, காலையிலேயே கலைந்து, சுள்ளென்று வெயில் அடித்தது. மருதாயி கிழக்கே பார்த்துத் தலை தாழ்த்தினாள். சாமி, எனக்கு வேகம் வேண்டாம், பேர் வேண்டாம், இந்தக் கால்கள் மட்டும் விளாமரம் வரைக்கும் என் பேச்சைக் கேட்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். சேற்றில் புரண்டாள். கிளம்பினாள்.

துறையில் இறங்கிக்கொண்டிருந்த கூட்டம் பார்த்தது. "கல்யாணத்துக்குக் கிளம்பிட்டியா மருதாயி? சந்தனம் கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றாள் ஒருத்தி. சுட்டியன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மருதாயி ஓடிக்கொண்டே இருந்தாள். மூச்சைப் பேச்சில் செலவழிக்கிற நாளா அது?

தாழம்புதர் போனது. நாவல் மரம் போனது. செங்கண்ணி குடுகுடுவென்று ஓடுவதும் திரும்பிப் பார்ப்பதுமாக வந்தாள். சரளைமேடு வந்தது. மருதாயி ஏறினாள். குளம்பில் கல் வழுக்கியது. சேறு காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிரத் தொடங்கியது. "அந்த வெள்ளைக் கல்லு வரைக்கும்" என்றாள் செங்கண்ணி. வெள்ளைக் கல் வந்தது. "அந்தக் கறுப்புக்..." என்றவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

மேட்டின் உச்சியில் நரி நின்றது. முட்டைகளுக்கு நேர் மேலே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அவசரமே இல்லை அதற்கு. கூவினால் எருமைகள் மேட்டை மிதிக்கும், கூவாவிட்டால் நான் தின்பேன், எப்படியும் முட்டை போச்சு என்ற நிம்மதியோடு செங்கண்ணியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது.

செங்கண்ணி கூவ வாயெடுத்து அடக்கிக்கொண்டாள். அவள் மருதாயியைப் பார்த்தாள்.

"கூவுடி" என்றாள் மருதாயி, ஓடிக்கொண்டே. "பெத்தவ கூவாம யாரு கூவுவா? வரிசையை நான் பாத்துக்கிறேன்."

செங்கண்ணி கூவினாள். அப்படி ஒரு கூவலை அந்தக் காடு கேட்டதில்லை. மான்கள் பறந்தன. முயல்கள் மறைந்தன. துறையில் கிடந்த எருமைகள் குளத்தைப் பிளந்துகொண்டு எழுந்து சரளைமேட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்துத் தலைதெறிக்க ஓடின. காடு முழுதும் ஒரு பக்கமாக ஓடியது. மருதாயி ஒருத்திதான் மறுபக்கமாக, மேட்டின் மேலே ஓடினாள்.

நரி எத்தனையோ எருமைகளைப் பார்த்திருக்கிறது. நடக்கும் எருமை, கிடக்கும் எருமை, பயந்து ஓடும் எருமை. எதிரே ஓடி வரும் எருமையை அது பார்த்ததே இல்லை. அதுவும் காய்ந்த சேறு பாளம் பாளமாக உரிந்து தொங்க, மூக்கில் புகை பறக்க, கீழே தரை அதிர. எமனே வாகனத்தை விட்டு இறங்கி, அதை மட்டும் முன்னால் அனுப்பிவிட்டான் என்று நினைத்ததோ என்னவோ, ஊளையிடக் கூட மறந்து பின்பக்கமாகத் துள்ளியது. மேடு சரிவு. உருண்டது. கல்லோடு கல்லாக உருண்டு போய்க் குளத்தில் தொபுக்கென்று விழுந்தது.

மருதாயி நிற்கவில்லை. முட்டைகளைப் பார்த்தாள். ஓர் அடி தள்ளிக் கால் வைத்தாள். தாண்டிப் போய்விட்டாள்.

"மருதாயி, நீ மட்டும் இல்லாட்டி..." என்று செங்கண்ணி தழுதழுத்தாள்.

"நரிக்காகவா ஓடினேன்? என் வழியில நின்னான், அவ்வளவுதான்" என்றாள் மருதாயி திரும்பிப் பார்க்காமல். "நீ முட்டை மேல உக்காரு. வெயில் ஏறுது."

ஆமாம், வெயில் ஏறிவிட்டது. இனி செங்கண்ணி முட்டையை விட்டு நகர முடியாது. மிச்ச வழி மருதாயி தனியாகத்தான் போக வேண்டும். மேடு இறங்கினாள். உடம்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. தோல் அடுப்பில் வைத்த சட்டி மாதிரி காய்ந்தது. நாக்கு வெளியே வந்துவிட்டது.

துறை வந்தது. துறையில் யாரும் இல்லை. கேலி பேச ஒருத்தி இல்லை, முகம் திருப்ப மகன் இல்லை. கலங்கிய தண்ணீர் தெளிந்து கண்ணாடி மாதிரி கிடந்தது. ஒரே ஒரு கால். முன்னங்கால் ஒன்றை மட்டும் நனைத்துக்கொண்டு போனால் யாருக்குத் தெரியப் போகிறது? கேட்டால் இல்லையென்று சொல்லிவிடலாம். காடே ஓடிப் போய்விட்டது. சாட்சிக்கு ஓர் எறும்பு கூட இல்லை.

மருதாயியின் கால்கள் தண்ணீர்ப் பக்கம் திரும்பிவிட்டன. நடுவில் ஓட இன்று செங்கண்ணி இல்லை. குளம்பு ஈரமண்ணைத் தொட்டது. இன்னும் ஓர் அடி வைத்தால் தண்ணீர்தான்.

அப்போது அக்கரையிலிருந்து கூவல் கேட்டது. இனி பயந்து ஓட அந்தக் காட்டில் யாரும் மிச்சமில்லை. அதனால் செங்கண்ணி, முட்டை மேல் உட்கார்ந்தபடியே, இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து வாய் நிறையக் கூவினாள். "ஓடு மருதாயி! அந்தக் கொழிஞ்சிச் செடி வரைக்கும் ஓடு! அப்புறம் அந்தப் புத்து வரைக்கும்!"

மருதாயி கீழே பார்த்தாள். தோழி இல்லாத இடத்தில் தோழி இருப்பதாக நினைத்துக்கொண்டாள். மிதித்துவிடக் கூடாதே என்று காலை இழுத்து இந்தப் பக்கம் வைத்தாள். கொழிஞ்சிச் செடி வந்தது. புற்று வந்தது. அவள் ஓடியதை ஓட்டம் என்று சொல்ல மான்கள் ஒப்பாது. ஆனால் நிற்கவில்லை.

விளாமரத்தடியில் எருமைக் கூட்டம் முட்டிமோதிக்கொண்டு நின்றது. ஓடி வந்ததில் எல்லோருக்கும் இளைப்பு. செங்கண்ணியின் கூவல் ஓயாததால் பயமும் ஓயவில்லை. கரைமேல் மருதாயி வருவதைப் பார்த்ததும், புலி துரத்தித்தான் வருகிறாள் என்று நினைத்து ஆளுக்கொரு பக்கம் விலகினார்கள். அவள் அவர்கள் நடுவே புகுந்து போய் விளாமரத்தில் நெற்றியை முட்டினாள். முட்டியபடியே நின்றாள். ஒரு பழம் பொத்தென்று விழுந்தது.

"எங்கே புலி? பக்கத்துல வந்துட்டுதா?" என்று பெரியகொம்பி மூச்சிரைக்கக் கேட்டாள்.

"புலி இல்ல பெரியக்கா. முட்டை திங்க நரி வந்தது. இப்போ குளத்துல நீச்சல் படிக்குது." மருதாயி இரண்டு மூச்சு வாங்கினாள். "அப்புறம் கூவினது எனக்காக. என்னை ஓடச் சொன்னா. நான் ஓடி முடிச்சிட்டேன்."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியகொம்பிக்கு வெட்கம் கோபமாக மாறியது. குருவி சொல்லை மீறிவிட்டாள், இன்றைக்கே வரிசை சரளைமேட்டு வழியாகப் போகும் என்று தலையை ஆட்டினாள்.

மருதாயி மரத்தை விட்டுத் திரும்பினாள். அவள் குரல் எப்போதும் போல மெதுவாகத்தான் இருந்தது.

"போங்க பெரியக்கா. நான் முன்னாடியே போய் மேட்டு மேல நிக்கிறேன். முதல் குளம்பு வைக்கிறவங்க என்னைத் தள்ளிட்டு வைக்கட்டும்."

அப்போது குளத்திலிருந்து நரி சொட்டச் சொட்டக் கரையேறியது. யாரையும் பார்க்காமல் வாலை இடுக்கிக்கொண்டு காட்டுக்குள் போனது. அது நீந்தி வந்தது சரளைமேட்டுப் பக்கமிருந்துதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆள்காட்டி வாயை அடைக்கச் சொன்னது யார் என்பதும் ஞாபகம் வந்தது. பெரியகொம்பி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சரி, மேட்டை விட்டுத் தள்ளியே போவோம். ஆனா ஒண்ணு. எருமை ஓடுறது வழக்கம் இல்ல. அதை நான் ஒத்துக்க மாட்டேன்."

"வழக்கம் இல்லியா?" மருதாயி சிரித்தாள். அந்தக் கன்றுச் சிரிப்பு. "இப்போ நீங்க எல்லாரும் எப்படி இங்க வந்தீங்க? நடந்தா வந்தீங்க? ஆள்காட்டி ஒரு கூவல் கூவினா என்னைவிட வேகமா ஓடுறீங்க. அப்போ மானம் போகல. பயத்துக்கு ஓடினா வழக்கம், ஆசைக்கு ஓடினா மானக்கேடா?"

பெரியகொம்பி வேறு பக்கம் திரும்பி அசை போடத் தொடங்கினாள்.

சுட்டியன் மெல்லக் கிட்டே வந்தான். அவன் காலில் முள் தைத்திருந்தது. "முடிச்சிட்டியாம்மா? நிஜமாவே ஒரு சுத்தா? தண்ணியில கால் வைக்காமலா?"

மருதாயி முன்னங்காலைத் தூக்கிக் காட்டினாள். குளம்பில் ஈரமண் ஒட்டியிருந்தது. "இவ்வளவு கிட்டத்துல போயிட்டேன்டா. ஆனா வைக்கல" என்றாள். "யாரும் பாக்கலதான். நீ நம்பாட்டியும் பரவாயில்ல."

அவன் நம்பினான் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. மருதாயி துறைக்கு நடந்தாள். கழுத்தளவு தண்ணீரில் இறங்கிக் கண்ணை மூடினாள். குளம் அவ்வளவு ருசியாக அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. மூக்கை மட்டும் வெளியே நீட்டிச் சொன்னாள்:

"பெரியக்கா, நாளைக்கும் காலையில ஓடுவேன். வழியை விட்டுப் படுங்க."

பயந்து ஓட எவரிடமும் உத்தரவு கேட்காத நாம், மனசுக்குப் பிடித்து ஓடவும் எவரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. கூட ஓடி வர ஒரு நல்ல சிநேகிதி இருந்தால் அதுவே பெரும் துணை.